இடது சீட்டில் தண்ணி லாரிக்காரர்

என் கணவர் கையை உடைத்துக்கொண்டது லாரியில் இல்லை, பரணில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தண்ணி லாரி ஓட்டுகிறவர் அவர். பூந்தமல்லியிலும் குமணன்சாவடியிலும் எந்தச் சந்தில் எந்த நேரத்தில் வண்டி திரும்பாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். வண்டியில் ஒரு கீறல் விழ விட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷன், ஜபல்பூருக்குக் குடிபோக வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது, பித்தளை அண்டாவை இறக்குகிறேன் பேர்வழி என்று ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ஏறி, அண்டாவோடு கீழே வந்து சேர்ந்தார். அண்டாவுக்கு ஒரு சொட்டைகூட இல்லை. இவருக்கு வலது மணிக்கட்டு போச்சு. முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அண்டாவை இறக்கச் சொல்லி நான் சொல்லவே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜபல்பூரில் அண்டா நிறைய யாருக்கு வெந்நீர் போடப் போகிறோம்? எங்கள் ஒரே பையன் ஹாஸ்டலில் இருக்கிறான். நாங்கள் இருப்பது இரண்டே பேர். ஆனால் அவர் ஒரு வேலையைச் செய்வது என்று முடிவு செய்துவிட்டால் பிரம்மா வந்தாலும் தடுக்க முடியாது.

ஜபல்பூருக்கு ஏன் என்று கேட்பீர்கள். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் லேத் பிரிவில் எனக்கு வேலை. என் அப்பாவும் அங்கேதான் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். நான் பிறந்தது, வளர்ந்தது, சைக்கிள் கற்றுக்கொண்டு முட்டியைப் பெயர்த்துக்கொண்டது எல்லாம் குவார்ட்டர்ஸ் தெருக்களில்தான். வாக்கப்பட்டு வந்தது அயனம்பாக்கத்துக்கு. ஏரிப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக நெல் போட்ட குடும்பம் இவர்களுடையது. இப்போது வயல் இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, அண்ணனும் தம்பியும் அந்த அடுக்குமாடிகளுக்கே தண்ணி ஏற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். மாடியில் மூத்தார் குடும்பம், கீழே நாங்கள். மூத்தார் என்றால் கணவரின் அண்ணன். வாயால் கூப்பிடும்போது மாமா என்பேன்.

எனக்கு சார்ஜ்மேனாக, அதாவது பிரிவு மேற்பார்வையாளராக, பதவி உயர்வு வந்தது. பெண்ணாக இருந்தாலும் பதவிக்குப் பெயர் சார்ஜ்மேன்தான், அதை யாரும் மாற்றவில்லை. ஆனால் இடம் ஜபல்பூர். இதே மாதிரி ஒரு முறை வந்தபோது பையன் பத்தாம் வகுப்பு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த முறையும் வேண்டாம் என்றால் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள், அதற்குள் எனக்கு ஓய்வு வயதே வந்துவிடும். அன்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே, போலாமே என்றார். அவ்வளவுதான். ஏரியைத் தாண்டினால் காற்று ஒத்துக்கொள்ளாது என்று நினைக்கிற மனுஷன், மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஊரை விடச் சம்மதித்தார்.

தெருவில் சிரித்தார்கள். புருஷன் வேலைக்குப் பின்னால் பெண்டாட்டி போவது உலக வழக்கம், இது என்ன தலைகீழ் என்றார்கள். டீக்கடையில் ஒருத்தர் இவரைப் பார்த்து, வூட்டோட மாப்பிள்ளை கேள்விப்பட்டிருக்கேன், இது இன்னா வேலையோட மாப்பிள்ளை என்று கேட்டாராம். இவரே வந்து சொல்லிச் சிரித்தார். சிரித்தது கொஞ்சம் நேரம்தான். அங்க போய் நான் இன்னா பண்றது என்று பிறகு தன்பாட்டுக்குக் கேட்டுக்கொண்டார்.

திட்டம் இதுதான்: சாமான்கள் லாரியில் முன்னால் போகும். நாங்கள் எங்கள் காரில் போவோம், அவர் ஓட்டுவார். திங்கட்கிழமை காலையில் நான் அங்கே வேலையில் சேர்ந்தாக வேண்டும். சாமான்கள் போன மறுநாள்தான் அண்டா விழுந்தது. அண்டாவை லாரிக்காரர்களே ஏற்ற மாட்டோம் என்று விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களுக்கு இருந்த புத்தி இவருக்கு இல்லை.

மூத்தார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் நல்லவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் குடும்பத்துக்கு எது நல்லது என்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிற நல்லவர். தம்பியை இந்தக் கையோடு அனுப்ப முடியாது என்றார். கை தேறின பிறகு பார்க்கலாம் என்றார். அந்தப் பிறகு எப்போது வரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மட்டும் ரயிலில் போகலாம், ஆனால் குடும்பம் இரண்டாகக் கிடந்தால் எத்தனை நாள் தாங்கும், யோசித்துப் பார், இந்தப் பதவி இல்லாவிட்டால் சோறு இறங்காதா என்று கேட்டார். வேண்டுமானால் ஒரு டிரைவரைப் பிடித்துத் தருகிறேன் என்று மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் ஓட்டுகிறேன் மாமா என்றேன்.

மூத்தார் சிரித்துவிட்டார். எனக்கு ஓட்டத் தெரியாதா என்ன? அம்பத்தூரில் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டு, தினமும் திருவேற்காடு, பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்கு ஓட்டிப் போய் வந்தவள் நான். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஆட்டோக்களுக்கு நடுவில் வண்டியை நகர்த்தினவளுக்கு இமயமலையே சமதரை. ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். அதுவரை நான் ஓட்டின அதிக தூரம் ஸ்ரீபெரும்புதூர்.

என் கணவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ ஓட்டினு போறதா இருந்தா நானும் வரேன். ஆனா வழியில ஒரு எடத்துலயாவது முடியலன்னு ஒக்காந்துட்டா, அண்ணனுக்கு போன் போடுவேன். அவன் வந்து வண்டியத் திருப்பிகினு வந்துடுவான். அத்தோட இந்தப் பேச்சே கூடாது. சரியா?"

சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிப் போனது. ஜபல்பூர் வரைக்கும் நான் ஓட்டிப் போய்விட்டால் பதவியும் உண்டு, எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வீடும் உண்டு. நடுவில் விட்டால் இரண்டும் இல்லை, சாகும்வரை மாடியிலிருந்து நமுட்டுச் சிரிப்பு வேறு.

இனி என் பெருமையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதிய வேலைக்குப் போகும் முதல் நாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன் என்று எனக்குள் ஒரு வைராக்கியம். அங்கே போய் உளுந்தை ஊறப்போட நேரம் ஏது? கிளம்பும் முந்தின சாயங்காலம் மாடி வீட்டு கிரைண்டரில் அரைத்தேன். உப்புப் போடாமல் அரைத்தால் சீக்கிரம் புளிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. பெரிய எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, மூடி கழன்றுவிடக்கூடாது என்று துணியால் இறுக்கிக் கட்டி, சுற்றிலும் ஐஸ் கட்டின தண்ணீர் பாட்டில்களை அடுக்கி, டிக்கியில் வைத்தேன். கத்திரி வெயில் காலம். மூன்று நாள் பயணம். லேத்தில் மயிரிழை பிசகாமல் கடைகிற எனக்கு, அந்த ராத்திரி மூளை எங்கே போயிருந்ததோ.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மூத்தார் கற்பூரம் சுற்றித் தேங்காய் உடைத்தார். பழம் நசுங்க வண்டியை எடுத்தபோது, கிளட்ச்சை விட்ட வேகத்தில் வண்டி ஒரு குதி குதித்து நின்றுவிட்டது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. காது சூடாகிவிட்டது எனக்கு. மறுபடி ஸ்டார்ட் செய்து, யாரையும் திரும்பிப் பார்க்காமல் திருவேற்காடு பக்கம் திருப்பினேன்.

வெளிவட்டச் சாலையைப் பிடித்து, நெல்லூர் ரோட்டில் ஏறினதும் அவருடைய பாட்டு ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக இடது சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் பிரேக் கிடையாது என்பது அவர் காலுக்குத் தெரியவில்லை. தரையை மிதித்துக்கொண்டே வந்தார். முன்னால் லாரி போகுது என்றார். எனக்கும் கண் இருக்கிறது என்றேன். இண்டிகேட்டரை இவ்வளவு முன்னால் போடாதே என்றார், பிறகு ஏன் இவ்வளவு தாமதமாகப் போடுகிறாய் என்றார். பசுமாடு ஒன்று குறுக்கே வந்து நான் அடித்துப் பிரேக் போட்டபோது, மாட்டைத் திட்டாமல் என்னைத் திட்டினார்.

"இந்தாம்மே, பிரேக்க இப்டி மெறிச்சினே போனா டயர் இன்னாத்துக்கு ஆவும்?"

"அப்போ மாட்டு மேலே ஏத்தியிருக்கணுமா? இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா இங்கேயே இறக்கி விட்டுடுவேன். நெல்லூர்லேர்ந்து பஸ் இருக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாக, அந்த மாடு மேல தப்புதான் என்றார். இதைவிடப் பெரிய மன்னிப்பு அவரிடமிருந்து நான் வாங்கினதில்லை.

ஓங்கோல் தாண்டி ஹைதராபாத் பக்கம் திரும்பினோம். வெயில் ரோட்டில் தகித்தது. முதலில் தோள் இறுகியது, பிறகு முதுகு, பிறகு இடது கால். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கொண்டாட்டம் ஏறிக்கொண்டே இருந்தது. பெயர் படிக்கத் தெரியாத தெலுங்குப் பலகைகள், மிளகாய் காயப் போட்ட களங்கள், நேராக ஓடுகிற ரோடு, கையில் ஸ்டீயரிங். இத்தனை வருடம் இந்த ரோடெல்லாம் இங்கேயேதான் இருந்ததா, நான்தான் வராமல் இருந்தேனா என்று தோன்றியது. இருட்டுவதற்குள் ஹைதராபாத்துக்கு வெளியே ஒரு லாட்ஜில் வண்டியை நிறுத்தி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அவர் பார்த்தார். இடது கையால் பையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆதிலாபாத்தை நெருங்கும்போது வண்டிக்குள் ஒரு வாடை. நான் அவருடைய கட்டுதான் வியர்த்து நாறுகிறது என்று நினைத்தேன், புண்படுத்தக் கூடாதே என்று சொல்லவில்லை. அவர் ஏதோ எலி எஞ்சினில் மாட்டிச் செத்திருக்கிறது என்று நினைத்திருக்கிறார், சொன்னால் நான் பயந்து ஓட்டுவேனே என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இரக்கப்பட்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அனல் காற்றைக் குடித்துக்கொண்டே நாக்பூர் வரைக்கும் போனோம்.

நாக்பூரில் டிக்கியைத் திறந்தபோதுதான் தெரிந்தது. தூக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. கட்டின துணியைத் தள்ளிவிட்டு மாவு பொங்கி, பைகளுக்கு அடியில் ஓடி, என் புது சேலைகள் இருந்த பெட்டியின் அடிப்பக்கம் வரை போய் நின்றிருந்தது. உப்புப் போடாவிட்டால் புளிக்காதாம். கத்திரி வெயிலில் மூடின டிக்கிக்குள் வைத்தால் கல்லும் புளிக்கும். அவர் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்ய. லாட்ஜில் கேட்டு வாளியும் பழந்துணியும் வாங்கி, கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்தோம். கண்ணில் படாதது எங்கே இறங்கியிருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வண்டியோடு பிறந்தவருக்கும் தோன்றவில்லை என்பதை அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓட்டம். மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்று குஷியாகக் கிளம்பினோம். நாக்பூரைத் தாண்டி சிவனி போகிற ரோடு காட்டுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் தேக்கு. புலி நடமாடும் இடம், வண்டியை நிறுத்தாதே என்று படம் போட்ட பலகை. அந்தப் பலகையைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பின்பக்கம் டப் டப் என்று அடித்தது. இடது பின் சக்கரம் பஞ்சர்.

இறங்கினோம். அவர் காட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புலி வரதுக்குள்ள மாத்திடு என்றார். நட்டு போல்ட்டு எனக்குத் தண்ணி பட்ட பாடு. டயர் மாற்றுவதெல்லாம் ஒரு விஷயமா என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்று நட்டுகளை இளக்கினேன். ஜாக்கியைக் கொடுத்து வண்டியைத் தூக்கி, நட்டுகளைக் கழற்றினேன். ஸ்டெப்னியை எடுக்கலாம் என்று டிக்கியின் அடித்தட்டைத் தூக்கினால், குழிக்குள் வெள்ளை வெளேர் என்று ஸ்டெப்னி உறங்கிக்கொண்டிருக்கிறது. மாவு முழுக்க அங்கேதான் இறங்கியிருந்தது. இறங்கி, இரண்டு நாள் வெயிலில் வெந்து, காய்ந்து, டயரையும் நடு போல்ட்டையும் சேர்த்துப் பூசி வைத்திருந்தது. எங்கள் வீட்டு உளுந்து அவ்வளவு தரமான உளுந்து.

போல்ட் திரும்பவில்லை. ஸ்பேனரால் தட்டினேன், சுரண்டினேன், குடிக்கிற தண்ணீரை ஊற்றினேன். மேலே வழுவழுவென்று ஆனது, உள்ளே அசையவில்லை. அவர் ஒற்றைக் கையால் உதவ வந்து, அவர் கை வழுக்கி என் விரலில் ஸ்பேனர் இடித்தது. நகம் கருத்துப் போச்சு. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. விடிந்தால் வேலையில் சேர வேண்டும். ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். ஆமாம், குழாயும் இல்லை, கதவும் இல்லை, காட்டுக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. மூத்தார்.

சினிமாவில்கூட இவ்வளவு சரியாக அடிக்க மாட்டார்கள். நான் ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். பேசி வைத்தது அதுதானே, முடியவில்லை என்று உட்கார்ந்தால் அண்ணனுக்கு போன் என்று. இப்போது அண்ணனே கூப்பிடுகிறார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூத்தார் அன்றைக்கே விமானம் ஏறி வந்துவிடுவார், பாசக்காரர். என் கணவர் இடது கையில் போனை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். நான் கண்ணைத் துடைக்கவில்லை. என்ன செய்கிறாரோ செய்யட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சொல்லுண்ணா... ஆங், டீ குடிச்சினு கீறோம். எல்லாம் ஜோராப் போய்கினு கீது. டீ ஆறுது, அப்பறம் பேசறேன்."

வைத்துவிட்டார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். அண்ணனிடம் அதுவரை எதையும் மறைத்ததில்லை. எந்திரி என்றுகூட அவர் சொல்லவில்லை. நானே எழுந்தேன். புடவையில் ஒட்டின மண்ணைத் தட்டினேன்.

ஜாக்கியில் நிற்கிற தமிழ்நாட்டு நம்பரைப் பார்த்து ஒரு நாமக்கல் லாரி ஓரம் கட்டியது, எங்கள் அதிர்ஷ்டம். டிரைவர் ஐம்பது வயதுக்காரர். டிக்கிக்குள் எட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், பிறகு இட்லி மாவுங்களா என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டெப்னிக்கு மாவு ஊத்தி இப்பத்தான் பார்க்கறேன் என்று சொல்லிக்கொண்டே தன் வண்டியிலிருந்து அடுப்பை இறக்கி வெந்நீர் போட்டார். கொதிக்கக் கொதிக்க ஊற்றினோம். மாவு இளகிப் புளித்த கஞ்சியாக ஓடியது. அடுத்த திருப்பில் போல்ட் அசைந்தது. அந்தச் சின்ன அசைவைக் கையில் உணர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை, பதவி உயர்வு ஆர்டர் கொடுத்தபோதுகூட நான் அடைந்ததில்லை. ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டினேன். நட்டுகளை ஒன்றுக்கொன்று எதிரெதிராக முறுக்கினேன். நாமக்கல்காரர் உதவ வந்தபோது வேண்டாம் என்றுவிட்டேன்.

புறப்படும்போது அவர் என் கணவரிடம் கேட்டார்.

"ஏனுங்கண்ணா, கைய இப்படி வெச்சுட்டு இத்தனை தூரம் எப்படிங்க ஓட்டீட்டு வந்தீங்க?"

என் கணவர் கட்டைத் தடவினார். ஏதோ வந்துட்டோம் என்றார். அவ்வளவுதான். லாரிக்காரர் முன்னால் லாரிக்காரர். பெண்டாட்டி ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன் என்று சொல்ல அவர் நாக்கு எழும்பவில்லை. நாமக்கல்காரர் கைகொடுத்துவிட்டுப் போனார். நான் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தின சாத்தில் ஒரு பறவைக் கூட்டமே கிளம்பியது.

சற்று முன் அண்ணனிடம் என்னைக் காப்பாற்றினவரும் இவர்தான், இப்போது வாயை மூடிக்கொண்டவரும் இவர்தான். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிவனி தாண்டும் வரை ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். ஆனால் ஒன்று கவனித்தேன். அவர் கால் தரையை மிதிக்கவில்லை. லக்னாதோன் மேட்டில் ஒரு டிரெய்லரை முந்தும்போது பக்கத்தில் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். வேறொருத்தர் ஓட்டுகிற வண்டியில் அவர் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. கோபத்தைத் தொடர்வதா வேண்டாமா என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது.

சாயங்கால வெயிலில் நர்மதையின் பாலத்தில் ஏறினோம். அவரை எழுப்பினேன். கீழே அகலமாகத் தண்ணீர். தண்ணி லாரிக்காரர் எட்டிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், எத்தினி லோடு தண்ணி என்றார். அதற்கு மேல் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஜபல்பூர் வந்துவிட்டது. ஸ்டீயரிங்கை யாரிடமும் கொடுக்காமல், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டாத நான் வந்துவிட்டேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் தட்டினேன், ஹாரனை நீளமாக அடித்தேன். பாலத்தில் போனவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டுமே.

குவார்ட்டர்ஸில் சாமான்கள் வந்து இறங்கியிருந்தன. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து அடுப்பை எடுத்துப் பொருத்தி, முனைக்கடையில் பால் வாங்கி வந்து பொங்க விட்டேன். அவர் மூத்தாருக்கு போன் செய்து வந்து சேர்ந்துவிட்டோம் என்றார். மறுமுனையில் பரவால்லையே என்று மட்டும் கேட்டது. மறுநாள் காலை இட்லி ஏது? தெருமுனையில் அவலும் ஜிலேபியும் ஒரே தட்டில் தந்தார்கள். இன்னாடா இது, தித்திப்பும் காரமும் ஒண்ணா குந்திகினு கீது என்று முனகிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை. தொழிற்சாலை கேட் வரைக்கும் நானும் வரேன் என்று இடது சீட்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கழுத்தில் தொங்குகிற கட்டு. கேட்டில் வண்டியை நிறுத்தினேன். காவலுக்கு இருந்தவர் என்னைக் கடந்து பார்வையை விட்டு, சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய், விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, சாப், புதிதாகச் சேர வந்திருக்கிறீர்களா என்று இந்தியில் கேட்டார். சாப் என்றால் ஐயா. நான் வாயைத் திறக்கப் போனேன். கேட்டுக்கு வெளியே ஷிஃப்டுக்குப் போகிற ஆட்கள், சைக்கிள்கள், எங்களுக்குப் பின்னால் இரண்டு வண்டிகள். என் கணவர் கதவைத் திறந்து இறங்கினார். கட்டுப் போட்ட கையாலேயே என்னைக் காட்டினார். அவர் பேசின தமிழ் அங்கே யாருக்கும் புரிந்திருக்காது; ஆனால் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் லாரிக்கு வழி விடச் சொல்லுகிற அதே குரல்.

"சாப் நான் இல்ல நைனா. இவங்கதான் சாப். மெட்ராஸ்லேர்ந்து இத்தினி தூரம் வண்டி ஓட்டினு வந்ததும் இவங்கதான். நான் பக்கத்துல தூங்கினு வந்தேன்."

காவலருக்கு சாப் என்ற சொல்லும் அந்தக் கையும் போதுமானதாக இருந்தது. சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார். நின்றார். சல்யூட் அடித்தார்.

எனக்குக் கண் கலங்கி ரோடு தெரியவில்லை. என் கணவர் ஜன்னல் வழியாகக் குனிந்து, சாயங்காலம் எத்தினி மணிக்கு வுடுவாங்கோ, நான் கேட்டாண்டயே நிக்கிறேன் என்றார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். கியரைப் போட்டு உள்ளே போனேன்.